கணினிக் கொத்தணியில் வேலையைப் பங்கிடுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழும்பில் சிறிய கணினிக் கொத்தணிகளை வைத்துக்கொண்டு வேலை செய்யும் தமிழ் மாணவர்களும் தன்னார்வக் குழுக்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் வாங்கிய பழைய அலுவலகக் கணினிகள் பத்தை ஒரு வலையமைப்புச் சுவிட்சில் இணைத்து ஒரே வேலையில் ஈடுபடுத்தினாலும் அது கொத்தணிதான். 1994இல் நாசாவின் கொடார்ட் நிலையத்தில் தோமஸ் ஸ்டெர்லிங்கும் டொனால்ட் பெக்கரும் கட்டிய முதல் பேவுல்ஃப் கொத்தணியும் சாதாரண 486 கணினிகள் பதினாறை ஈதர்நெட்டில் இணைத்து உருவானதே.

விடைகளில் இரண்டு வேலைகள் அடிக்கடி வரும். ஒன்று, பழைய தமிழ்ப் பத்திரிகைகளின் ஸ்கேன் படங்களை எழுத்துணரி மூலம் தேடக்கூடிய எழுத்தாக மாற்றுவது. மற்றது, களனி கங்கையின் வெள்ளம் எங்கெல்லாம் பரவும் என்று கணிப்பது. முதலாவதில் துண்டுகளுக்குள் எந்தத் தொடர்பும் இல்லை. இரண்டாவதில் எல்லாத் துண்டுகளும் ஒன்றையொன்று கேட்டுக்கொண்டே இருக்கும். பங்கிடும் முறையும் அதற்கேற்ப மாறுகிறது.

பத்துக் கணினிகள் இருக்கின்றன. வேலையைச் சரிசமமாகப் பத்தாகப் பிரித்தால் போதாதா?

போதாது. எண்ணிக்கையில் சமமாகப் பிரித்தால் நேரத்திலும் சமமாக வரும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

கொழும்பிலிருந்து 1930இல் வெளிவரத் தொடங்கியது வீரகேசரி, 1932இல் தினகரன். அந்தக் காலத்துப் பத்திரிகையின் ஒரு பக்கத்தை எடுத்துப் பாருங்கள். ஏழெட்டுப் பத்திகள், பொடி எழுத்து, மங்கிய மை, மடிப்புக் கோடுகள். அதே ஸ்கேன் தொகுப்பில் ஒரு கோயில் திருவிழாத் துண்டுப்பிரசுரமும் இருக்கும்; அதில் பெரிய எழுத்தில் இருபது வரி. இரண்டும் கோப்புப் பட்டியலில் ஒவ்வொரு வரிதான். ஆனால் எழுத்துணரிக்கு முதலாவதில் பிடிக்கும் நேரம் இரண்டாவதைப்போலப் பல மடங்கு. பெயர் வரிசைப்படி கோப்புகளைப் பத்தாக வெட்டினால், பத்திரிகைப் பக்கங்கள் எல்லாம் இரண்டு மூன்று கணினிகளின் தலையில் விழும். மற்றவை மதியத்துக்குள் முடித்துவிட்டுச் சும்மா இருக்கும்.

முழு வேலையும் முடியும் நேரம் என்பது கடைசிக் கணினி முடிக்கும் நேரம். வேறு எந்த அளவும் இதற்கு ஈடாகாது.

சமநிலை கெட்டிருக்கிறது என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒவ்வொரு கணினியும் உண்மையான வேலையில் செலவிட்ட நேரத்தைப் பதிந்துகொள்ளுங்கள். அதில் ஆகக் கூடியதைச் சராசரியால் வகுங்கள். ஒன்பது கணினிகள் 40 நிமிடம், பத்தாவது 70 நிமிடம் என்றால் சராசரி 43, விகிதம் 1.6க்குச் சற்று மேல். சரியாகப் பங்கிட்டிருந்தால் 43 நிமிடத்தில் முடிந்திருக்க வேண்டியது 70 நிமிடம் இழுத்திருக்கிறது. விகிதம் 1.1ஐ அண்டி இருந்தால் அதற்கு மேல் மினக்கெட வேண்டாம் என்பது என் கருத்து.

இரண்டு கண்கட்டு வித்தைகளைப் பற்றி எச்சரிக்க வேண்டும். லினக்ஸ் காட்டும் சராசரிச் சுமை எண், புரொசெசருக்காகக் காத்திருக்கும் நிரல்களை மட்டுமல்லாமல் வன்தட்டுக்காகக் காத்திருப்பவற்றையும் சேர்த்தே எண்ணுகிறது. ஆகவே அந்த எண் உயர்ந்திருப்பதை வைத்துக் கணினி கடுமையாகக் கணிக்கிறது என்று முடிவுகட்ட முடியாது. அடுத்தது இன்னும் மோசம்: கணினிகள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பிக்கொள்ள உதவும் எம்பிஐ நூலகங்கள் பல, அடுத்த கணினியின் செய்திக்காகக் காத்திருக்கும்போது தூங்குவதில்லை, வந்துவிட்டதா, வந்துவிட்டதா என்று சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டே இருக்கும். திரையில் 100 சதவீதப் பயன்பாடு தெரியும். நடப்பதோ வெறும் காத்திருப்பு. எனவே நிரலுக்குள்ளேயே நேரம் பாருங்கள். வெளியிலிருந்து பார்க்கும் கருவியை மட்டும் நம்பாதீர்கள்.

வேலையைக் கணினிகளுக்கு நாங்களே ஒதுக்குவதா, அவையே கேட்டு வாங்க விடுவதா?

துண்டுகளுக்கிடையே தொடர்பில்லாத வேலை என்றால், கேட்டு வாங்க விடுங்கள். இந்தப் பக்கத்தில் ஒரேயொரு அறிவுரையைத்தான் எடுத்துக்கொள்வீர்கள் என்றால், அது இதுவாக இருக்கட்டும்.

வெள்ளவத்தையில் ஒரு வங்கிக் கிளைக்குப் போனால் இலக்கத் துண்டு எடுத்துக்கொண்டு ஒரே வரிசையில் காத்திருக்கிறோம். எந்தக் கரும்பீடம் ஒழிகிறதோ அங்கே அடுத்தவர் போகிறார். நகை அடகு மீட்க வந்தவர் ஒரு கரும்பீடத்தை அரை மணித்தியாலம் பிடித்துக்கொண்டாலும், அவருக்குப் பின்னால் எவரும் மாட்டிக்கொள்வதில்லை. பொது வரிசையின் முழுப் பயனும் அதுதான். எந்தத் துண்டு எவ்வளவு நேரம் எடுக்கும் என்று முன்கூட்டியே நீங்கள் அறிந்திருக்கத் தேவையில்லை. பழைய கணினி மெதுவாகக் கேட்கும், குறைவாகப் பெறும். புதியது விரைவாகக் கேட்கும், அதிகம் பெறும்.

இதற்குக் கணித ஆதாரமும் உண்டு. ஒழிந்த கணினிக்கு அடுத்த துண்டைக் கொடுத்துக்கொண்டே போனால், ஒரே வேகமுள்ள கணினிகளில் முடியும் நேரம் ஆகச் சிறந்த பங்கீட்டைப்போல இரு மடங்கை ஒருபோதும் எட்டாது என்று ரொனால்ட் கிரஹாம் 1966இல் நிறுவினார். 1969இல் அவரே இன்னொன்றைக் காட்டினார்: பெரிய துண்டுகளை முதலில் கொடுத்தால் அந்த எல்லை மூன்றில் நான்கு மடங்குக்குள் சுருங்கிவிடும். நடைமுறையில் இதன் பொருள் எளியது. ஸ்கேன் கோப்புகளை அளவின்படி வரிசைப்படுத்திப் பெரியவற்றை முன்னால் போடுங்கள். ஒரு வரிக் கட்டளை. பெரிய பத்திரிகைப் பக்கம் கடைசியில் வந்து ஒரு கணினியில் தொங்கிக்கொண்டிருக்கும் தொல்லை பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

கணினிகள் நூற்றுக்கணக்கில் பெருகும்போது பொது வரிசையே நெரிசலாகிவிடும். அப்போது ஒவ்வொன்றுக்கும் சொந்த வரிசை கொடுத்து, வேலை தீர்ந்தது தற்செயலாகத் தேர்ந்த இன்னொன்றின் வரிசையிலிருந்து எடுத்துக்கொள்ளும் முறையை நாடுவார்கள். எம்ஐடியில் 1990களில் உருவான சில்க் மொழி இந்த முறையைப் பரவலாக்கியது. பத்துக் கணினிகளுக்கு அது தேவையில்லை.

துண்டு எவ்வளவு சிறியதாக இருக்கலாம்?

ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு தொடக்கச் செலவு இருக்கிறது: கோப்பை வலையமைப்பில் இழுப்பது, நிரலைத் தொடக்குவது, டெசராக்ட் எழுத்துணரி என்றால் தமிழ் மொழித் தரவை நினைவகத்தில் ஏற்றுவது. ஒரு பக்கத்துக்கு ஒரு முறை நிரலைத் தொடக்கி நிறுத்தினால் அந்தச் செலவை ஒவ்வொரு பக்கத்துக்கும் கட்டுகிறீர்கள். தொடக்கச் செலவு ஒரு செக்கன் என்றால், துண்டை ஒன்றரை இரண்டு நிமிட வேலையாக வைத்துப் பாருங்கள். இழப்பு ஒரு சதவீதத்தை ஒட்டியே இருக்கும். மறுபக்கத்தில், ஒவ்வொரு கணினிக்கும் குறைந்தது இருபது முப்பது துண்டுகளாவது வரும்படி பார்த்துக்கொள்ளுங்கள். கடைசித் துண்டில் ஏற்படும் இழுபறி அப்போது முழு நேரத்தில் சிறு பங்காகிவிடும்.

ஒரே கணினியின் புரொசெசருக்குள் இருக்கும் பல கோர்களுக்கு, அதாவது தனித்தனிக் கணிப்பு அலகுகளுக்கு, வேலையைப் பங்கிடும் ஓபன்எம்பியில் இந்தச் சிந்தனை மூன்று பெயர்களில் இருக்கிறது. ஸ்டாட்டிக் முன்கூட்டியே பிரித்துவிடும். டைனமிக் கேட்கக் கேட்கக் கொடுக்கும். கைடட், பெரிய துண்டுகளில் தொடங்கிப் போகப்போகச் சிறிதாக்கும். சுற்றுக்குச் சுற்று வேலை வேறுபடும் இடத்தில் ஸ்டாட்டிக்கை விட்டுவிட்டு மற்ற இரண்டையும் முயன்று பாருங்கள்.

நான்கு கோர்க் கணினியில் நான்கு டெசராக்டை ஓட்டினேன். முன்பைவிட மெதுவாகிவிட்டது. ஏன்?

டெசராக்ட் 4 தன்னளவிலேயே ஓபன்எம்பி மூலம் நான்கு இழைகள் வரை, அதாவது ஒரே நேரத்தில் ஓடும் நான்கு கிளைகள் வரை, திறந்துகொள்ளும். நான்கு பிரதிகள் ஓடினால் நான்கு கோர்களுக்குப் பதினாறு இழைகள் முண்டியடிக்கும். ஓஎம்பி, த்ரெட், லிமிட் என்ற மூன்று சொற்களையும் அடிக்கோட்டால் இணைத்து எழுதும் சூழல் மாறிக்கு (நிரல் தொடங்கும்போது வாசிக்கும் அமைப்பு) 1 என்ற மதிப்பைக் கொடுத்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். கொத்தணி முழுவதற்கும் இதைச் செய்தால், புதிதாக ஒரு கணினி வாங்குவதைவிடப் பெரிய பலன் கிடைக்கக்கூடும். காசும் செலவில்லை.

கணினிகள் ஒரே வகையைச் சேர்ந்தவை அல்ல. எப்படி எடை போடுவது?

பொது வரிசை என்றால் எடை போடவே தேவையில்லை. வெள்ளக் கணிப்பைப்போல முன்கூட்டியே பிரித்தாக வேண்டிய வேலைக்குத்தான் எடை வேண்டும். பெட்டியில் அச்சிட்டிருக்கும் கிகாஹேர்ட்ஸ் எண்ணை வைத்து எடை போடாதீர்கள். உங்கள் நிரலின் ஒரு சிறு பகுதியை ஒவ்வொரு கணினியிலும் தனித்தனியே ஓட்டி நேரம் பாருங்கள். நினைவகத்தை அதிகம் தொடும் நிரலில், புரொசெசர் வேகமாக இருந்தும் நினைவகம் மெதுவான கணினி பின்தங்கும். இதை எந்த விளம்பரத் தாளும் சொல்லாது.

காலையில் அளந்த வேகம் பிற்பகலில் இல்லை. பழுதா?

பழுதல்ல, வெப்பம். கொழும்பில் இந்தக் கேள்விக்குத் தனி இடம் கொடுக்க வேண்டியிருக்கிறது.

பகலில் இங்கே 30, 31 பாகை செல்சியஸ். இரவிலும் 25 பாகையை ஒட்டியே நிற்கும். மார்ச், ஏப்ரல் மாதங்களில் இன்னும் புழுக்கம். குளிரூட்டி இல்லாத அறையில், ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிய கணினிகளில், மேலே இருப்பவை கீழே இருப்பவற்றின் சூடான காற்றையே உள்ளிழுக்கின்றன. புரொசெசர் தனது எல்லையை நெருங்கும்போது, பெரும்பாலும் 100 பாகையை அண்டி, தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். எந்தப் பிழைச் செய்தியும் வராது. நிரல் ஓடிக்கொண்டே இருக்கும், மெதுவாக.

எல்லாக் கணினிகளும் ஒரே அளவு மெதுவாகினால் பங்கீடு கெடாது. ஆனால் அப்படி நடப்பதில்லை. சுவரை ஒட்டி இருக்கும் ஒன்று, விசிறியில் தூசி அடைத்த ஒன்று, புரொசெசருக்கும் அதன் குளிர்விப்பானுக்கும் இடையிலுள்ள வெப்பப் பசை காய்ந்த ஒன்று என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு நேரத்தில் தளர்கிறது. வெள்ளக் கணிப்பைப் போன்ற வேலையில் அந்த ஒரு கணினி மற்ற ஒன்பதையும் தன்னோடு இழுத்துக்கொண்டு போகும். ஆகவே எடைகளை ஒருமுறை அளந்து கோப்பில் எழுதிவைத்து ஆண்டுக்கணக்கில் நம்பக்கூடாது. நிரல் ஓடும்போதே, சில நிமிடங்களுக்கொரு முறை அளக்க வேண்டும். சென்சர்ஸ் என்ற லினக்ஸ் கட்டளையால் வெப்பநிலையையும், அதோடு கோர்களின் அப்போதைய வேகத்தையும் பதிவேட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள்; தளர்ந்த கணினி எது என்பது அன்றைக்கே தெரிந்துவிடும். அடுக்குகளுக்கிடையே இடைவெளி விடுவதும், விசிறியைத் துடைப்பதும், பசையைப் புதுப்பிப்பதும் பங்கீட்டு வேலைகள்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

வெள்ளக் கணிப்பில் பாதிக் கணினிகள் சும்மா இருக்கின்றன. நிலப்பரப்பைச் சமமாகத்தானே பிரித்தோம்?

நிலப்பரப்பு சமம்; தண்ணீர் சமமல்ல. இந்தக் கேள்வியைப் பொறுமையாகப் பார்ப்போம்.

களனிப் படுகையைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, மேட்டிலிருந்து கடல் வரை எட்டுப் பட்டைகளாக வெட்டி, எட்டுக் கணினிகளுக்குக் கொடுத்திருப்பீர்கள். பெரும்பாலான நிரல்கள் காய்ந்த கட்டங்களைத் தாண்டிப் போய்விடும். நீர் உள்ள கட்டத்துக்கே கணக்கு. மழை மேலே கொட்டும்போது அவிசாவளைப் பக்கத்துப் பட்டைகள் திணறும், கொழும்புப் பட்டைகள் காத்திருக்கும். பிறகு வெள்ளம் ஹங்வெல்ல, கடுவெல என்று இறங்கி, 2016 மேயில் நாம் பார்த்ததுபோலக் கொலன்னாவையில் பரவும். கொழும்பில் ஆற்றின் நீர்மட்டத்தை அளக்கும் நாகலகம் வீதி அளவுகோலில் நீர் ஏறும் நேரத்தில் மேட்டுப் பட்டைகள் ஓய்ந்துவிடும். சுமை ஆற்றோடு சேர்ந்து கீழே நகர்கிறது. எனவே எந்த ஒரு நிலையான வெட்டும் முழு வெள்ளத்துக்கும் பொருந்தாது. அதோடு, கணிப்பில் நேரம் நகரும் ஒவ்வொரு சிறு படியிலும் கணினிகள் எல்லாம் அண்டைப் பகுதியின் விளிம்பு மதிப்புகளுக்காக நின்று போவதால், படிக்குப் படி ஆக மெதுவானதுதான் வேகத்தைத் தீர்மானிக்கிறது.

மூன்று வழிகள் உண்டு. முதலாவது, எட்டுப் பட்டைகளுக்குப் பதிலாகச் சில நூறு சிறு சதுரங்களாக வெட்டி, மாற்றி மாற்றிக் கொடுப்பது. ஒவ்வொரு கணினிக்கும் மேட்டிலும் கொஞ்சம், கரையோரத்திலும் கொஞ்சம் கிடைக்கும். வெள்ளம் எங்கே போனாலும் எல்லோருக்கும் வேலை இருக்கும். இதற்கு விலை உண்டு. 100க்கு 100 சதுரத்தில் 10,000 கட்டங்கள், அவற்றில் 396 விளிம்பில். ஏறக்குறைய 4 சதவீதம். 20க்கு 20 என்றால் 400 கட்டங்கள், விளிம்பில் 76, 19 சதவீதம். விளிம்பில் இருப்பதெல்லாம் வலையமைப்பில் போய்வர வேண்டும். சாதாரண கிகாபிட் ஈதர்நெட்டில் ஒரு சிறு செய்திக்கே பல பத்து மைக்ரோ செக்கன்கள் ஆகும். பெரிய நிலையங்களின் இன்ஃபினிபாண்ட் இணைப்பில் அது ஓரிரு மைக்ரோ செக்கன். ஆகவே எங்களைப் போன்றவர்கள் மிகச் சிறிதாக வெட்டினால் நட்டம்.

இரண்டாவது, இடையிடையே மறுபடி வெட்டுவது. சதுரங்களை, ஒவ்வொன்றையும் ஒருமுறை தொட்டு வளைந்து செல்லும் ஹில்பர்ட் வளைகோட்டின் வழியே ஒரே வரிசையாக்கிக்கொள்ளுங்கள். அருகருகே இருப்பவை வரிசையிலும் பெரும்பாலும் அருகருகே வரும். ஒவ்வொரு சதுரத்துக்கும் கடந்த சில நூறு படிகளில் எடுத்த நேரத்தை எடையாகக் கொடுத்து, வரிசையை எடை சமமான எட்டுத் துண்டுகளாக நறுக்குங்கள். ஒரு மாணவர் ஓரிரு நாளில் எழுதிவிடக்கூடிய நிரல் இது. ஒழுங்கற்ற முக்கோண வலைகளுக்கு ஜோர்ஜ் கரிப்பிஸும் விபின் குமாரும் மினசோட்டாவில் உருவாக்கிய மெட்டிஸ் என்ற மென்பொருள் இருக்கிறது. விளிம்புகள் குறையவும் எடை சமமாகவும் அதுவே வெட்டித் தரும். சதுரங்களை இடம் மாற்றவும் நேரம் பிடிக்கும் என்பதால் எடுத்ததற்கெல்லாம் மறுபடி வெட்டாதீர்கள். முன்னர் சொன்ன விகிதம் 1.2ஐத் தாண்டினால் மட்டும் வெட்டினால் போதும்.

மூன்றாவது, காய்ந்த கட்டங்களுக்கும் கணக்குப் போடுவது. சமநிலை அழகாக வரும், வேலை முடியத் தாமதமாகும். சமநிலையையே இலக்காக நினைத்து இந்த வழியில் போகாதீர்கள்.

ஓடிக்கொண்டிருக்கும் நிரலையே வேறு கணினிக்குத் தானாக மாற்றிவிடும் முறை உண்டாமே?

உண்டு. ஜெருசலேம் ஹீப்ரு பல்கலைக்கழகத்தில் அம்னொன் பராக் தலைமையில் உருவான மொசிக்ஸ் அதைச் செய்தது. அதிலிருந்து 2002இல் பிரிந்த ஓபன்மொசிக்ஸ் என்ற திறந்த மூலத் திட்டம் 2008இல் மூடப்பட்டது. நிரல் இடம் மாறினாலும் கோப்பு வாசிப்பு முதலிய பல வேலைகளுக்கு அது தொடங்கிய கணினியையே நாட வேண்டியிருந்தது. கணக்கு அதிகம், கோப்பு குறைவு என்ற வேலைக்குப் பொருந்தியது. எழுத்துணரி போன்றதற்கு அவ்வளவாக இல்லை. இன்று புதிதாகத் தொடங்குபவர்கள் இந்த வழியைத் தேட வேண்டாம்.

ஒரே கொத்தணியைப் பலர் பயன்படுத்துகிறோம். சண்டை வராமல் எப்படி?

ஸ்லர்ம் போன்ற வேலை அட்டவணை மென்பொருளை வையுங்கள். ஒருவர் எல்லாக் கணினிகளையும் கேட்டுக் காத்திருக்கையில், அவருடைய முறை வரும் முன் முடிந்துவிடக்கூடிய சிறு வேலைகளை இடைவெளிகளில் நுழைத்துவிடும் உத்தி அதில் இருக்கிறது. 1990களின் நடுவில் ஆர்கோன் ஆய்வுக்கூடத்தில் பிறந்த உத்தி அது. ஆனால் நீங்கள் கொடுக்கும் நேர மதிப்பீட்டை நம்பித்தான் அது இயங்குகிறது. இரண்டு மணித்தியால வேலைக்குப் பாதுகாப்பாக இருக்கட்டும் என்று இரண்டு நாள் என எழுதினால், எந்த இடைவெளியிலும் நுழைய முடியாமல் உங்கள் வேலையே பின்னுக்குப் போகும். நேர்மையான மதிப்பீட்டோடு கொஞ்சம் சேர்த்து எழுதுங்கள்.

இன்னும் பத்துக் கணினி சேர்த்தால் இரு மடங்கு வேகம் வருமா?

பிரிக்க முடியாத பகுதி எவ்வளவு என்பதைப் பொறுத்தது. ஜீன் அம்டால் 1967இல் முன்வைத்த கணக்கின்படி, வேலையில் 5 சதவீதம் ஒரே கணினியில்தான் நடக்க வேண்டும் என்றால், 16 கணினிகளில் 9 மடங்கு வேகமே கிடைக்கும். எத்தனை ஆயிரம் சேர்த்தாலும் 20 மடங்கைத் தாண்டாது. சிறு கொத்தணிகளில் அந்த 5 சதவீதம் பெரும்பாலும் ஒளிந்திருப்பது பொதுக் கோப்புகளை வைத்திருக்கும் ஒற்றை வன்தட்டில். பத்துக் கணினிகளும் ஒரே தட்டில் ஸ்கேன் படங்களைக் கேட்டால் எந்தப் பங்கீடும் உதவாது. முதலில் அதை எஸ்எஸ்டியாக மாற்றுங்கள்.

நடுவில் ஒரு கணினி நின்றுவிட்டால்? மின்வெட்டு வந்தால்?

2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் இல்லாமல் இருந்த ஊர் இது. அந்த நிலை மாறினாலும் பாடத்தை மறக்கக்கூடாது.

எழுத்துணரி வேலையில் தீர்வு எளிது: முடிந்த துண்டுகளின் பட்டியல் வன்தட்டில் இருக்க வேண்டும், முடியாதது மறுபடி வரிசையில் சேர வேண்டும். கடைசியில் ஓரிரு துண்டுகள் மட்டும் நீண்டநேரம் தொங்கினால் அவற்றை ஒழிந்த கணினியிலும் இன்னொரு முறை தொடக்குங்கள். எது முதலில் முடிகிறதோ அதை எடுத்துக்கொள்ளலாம். பல கணினிகளில் தரவைப் பங்கிட்டுக் கையாளும் மாப்ரிடியூஸ் முறை பற்றிக் கூகுள் 2004இல் வெளியிட்ட கட்டுரையில், இந்த உத்தியை நிறுத்தியபோது ஒரு வரிசைப்படுத்தும் வேலை 44 சதவீதம் கூடுதலாக நேரம் எடுத்தது என்று பதிந்திருக்கிறார்கள்.

வெள்ளக் கணிப்புக்கு இடைநிலையைச் சேமித்துக்கொண்டே போக வேண்டும். எவ்வளவு இடைவெளியில்? ஒருமுறை சேமிக்க ஆகும் நேரத்தையும், தடங்கலுக்கும் தடங்கலுக்கும் இடைப்பட்ட சராசரி நேரத்தையும் பெருக்கி, அதை இரட்டித்து, வர்க்கமூலம் எடுங்கள். ஜோன் யங் 1974இல் தந்த சூத்திரம் இது. சேமிக்க 2 நிமிடம், எட்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடங்கல் என்றால் விடை ஏறக்குறைய 44 நிமிடம்.

எந்த மென்பொருளில் தொடங்கலாம்?

தொடர்பில்லாத துண்டுகள் என்றால் குனு பரலல் என்ற கட்டளை நிரல். எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து பாதுகாப்பாக நுழையும் வழி) மூலம் நுழையக்கூடிய கணினிகளின் பட்டியலைக் கொடுத்தால், எங்கே கோர் ஒழிகிறதோ அங்கே அடுத்த துண்டை அனுப்பும். வேலைப் பதிவேட்டை எழுதச் சொன்னால் ஒவ்வொரு துண்டும் எந்தக் கணினியில், எப்போது தொடங்கி, எவ்வளவு நேரம் ஓடியது என்று வரிவரியாகக் கிடைக்கும்; மின்சாரம் போய் வந்த பிறகு அதே பதிவேட்டை வைத்து விட்ட இடத்திலிருந்து தொடரலாம். துண்டுகள் பேசிக்கொள்ளும் வேலைக்கு எம்பிஐயைக் கற்றே ஆக வேண்டும், குறுக்கு வழி இல்லை. ஸ்லர்மை நிறுவும் வேலையை, கொத்தணியை இரண்டாவது ஒருவர் கேட்டு வரும்வரை தள்ளிப்போடலாம்.